இருபத்தைந்து அடி கேபிள்

என் வீட்டுக்காரர் கல்லுக்குப் பாலீஷ் போடுகிற கம்பெனியில் வேலை பார்த்தார். கெலமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நகத்துக்குள் இருக்கிற கல் மாவைத் தென்னங்குச்சியால் நோண்டி எடுப்பார். மாவு உள்ளே இறங்கினால் கீபோர்டு கட்டை மாட்டிக்கொள்ளும் என்பார். நெஞ்சுக்குள் இறங்குவதைப் பற்றி அப்போது அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் ஓசூரில் கேபிள் கம்பெனியில் இருந்தேன். எட்டாவது ஃபெயில். ஆனால் டிராயிங் பார்த்து ஒயர் போடுவேன். மெஷினுக்குள் போகிற ஒயர்களை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் பிளக் வைத்து, ஈயம் பற்றவைப்பது என் வேலை. பதினோரு வருஷம் அதே பெஞ்சு.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கம்பெனியில் எந்தக் கேபிள் ஆனாலும் ஒரு முனையில் ஊசி உள்ள பிளக் வரும், மறுமுனையில் ஓட்டை உள்ள பிளக் வரும். ஊசிப் பக்கம் ஒயர்களை இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். ஓட்டைப் பக்கம் வலமிருந்து இடமாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால்தான் ஒன்றில் ஒன்று செருகும்போது நேருக்கு நேர் வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு லைனில் இருந்த அக்கா இதைத்தான் சொன்னாள். “ஒரு கை இப்டி, ஒரு கை அப்டி. இது வந்துட்டா உனக்கு வேல வந்துடுச்சு.”

வந்துவிட்டது. பிறகு நான் அதை யோசித்ததே இல்லை. கை தானாகப் போட்டது. முடித்த கேபிளைப் பேட்டரியும் பல்பும் வைத்துத் தொட்டுப் பார்ப்போம். எரிந்தால் சரி. என் கேபிள் எல்லாம் எரிந்தது. ரிஜெக்ஷன் என்று ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை. வீட்டுக்காரர் என்னை இன்ஸ்பெக்ஷன் அம்மா என்று கூப்பிடுவார். குழம்பில் உப்பு இல்லை என்றால், “இன்ஸ்பெக்ஷன் அம்மா, இந்த லாட்டு பாஸா?” என்பார்.

எனக்குப் பாட்டு தெரியாது. சுதி பிடிபடாது. அவர் வாசிப்பதில் எது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்ததில்லை. அதுவும் அவருக்குச் சிரிப்புதான்.

இருமல் தொண்ணூறுகளில் ஆரம்பித்தது. முதலில் டிபி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் தின்றார். மூத்திரம் சிவப்பாகப் போனது, இருமல் போகவில்லை. இன்னொரு ஆறு மாதம் தின்றார். பிறகு தருமபுரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன வேல பாக்கறாரு?” என்று கேட்டார். சொன்னேன். படத்தைக் கவருக்குள் போட்டுவிட்டார். “வேலய விட்ருங்க” என்றார். படியில் இறங்கும்போது வீட்டுக்காரர் சொன்னார். “இதுக்கு மாத்திர எழுதல பாத்தியா.”

வேலையை விட்டார். இருமல் கூடவே வந்தது.

கோயிலுக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பெஞ்சு காலியானது. பாட்டுக் குழுவில் பாடுகிற பெண்களின் அம்மாக்கள் வந்து தங்கள் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கீபோர்டைப் பெட்ஷீட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் இருந்தபோதுதான் ஒன்பது பாட்டுக்கு மெட்டுப் போட்டார். ஒரு முழுப் பூசைக்கு, வருகைப் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும். வார்த்தை எல்லாம் கோயில் புத்தகத்தில் இருப்பதுதான். மெட்டு மட்டும் அவருடையது. எழுதி வைக்கத் தெரியாது. பாடிக் காட்ட மூச்சு இல்லை. எல்லாம் விரலில்தான் இருந்தது. கோயில் சாமியார் வந்து பார்த்தபோது சொன்னார். “கேசட்டுல குடுத்துடு. பிள்ளைங்க கேட்டுப் படிச்சுக்கும். திருவிழாவுக்கு அதையே பாடிடலாம்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவருக்கு வேறு எண்ணம் இல்லை. ஒன்பதையும் கொடுத்துவிட வேண்டும், கை ஓடும்போதே கொடுத்துவிட வேண்டும்.

டேப் ரிக்கார்டரை வைத்துப் பார்த்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் நான்கு இடத்தில் இருமல். திருப்பிப் போட்டுக் கேட்டார். பாட்டைவிட இருமல் சத்தமாக இருந்தது. மூச்சு இழுக்கிற சத்தமும் விழுந்திருந்தது.

“இது பாட்டு கேசட் இல்ல. ஆஸ்பத்திரி கேசட்” என்றார். அதன் மேலேயே ரேடியோவைப் பதிந்து அழித்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிடிபி சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பார்கள். நடத்தியவர் முப்பது வயசுக்காரர், வீட்டில் தெலுங்கு. நான் தம்பி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பாட்டில் ஆசை. கேசட் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குள் சத்தம் வருகிற அட்டை ஒன்று போட்டிருந்தார். கீபோர்டை அதோடு சேர்ப்பதற்குச் சின்னப் பெட்டி ஒன்றும் பெங்களூரில் வாங்கி வைத்திருந்தார். சேர்த்துப் பார்க்க அதுவரை யாரும் கீபோர்டு கொண்டுவரவில்லை.

கேள்விப்பட்டு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணா, கம்ப்யூட்டருக்குக் காது கெடையாது. நீங்க எந்தக் கட்டைய எப்ப அமுக்கினீங்க, எப்ப எடுத்தீங்க, அத மட்டும் எழுதிக்கும். நீங்க இருமுங்க, தும்முங்க, அக்காவத் திட்டுங்க. ஒண்ணும் விழாது.”

“அவளத் திட்ட முடியாது தம்பி. கையில சால்டரிங் அயன் வச்சினு இருக்கறா.”

“அதுவும் இல்லாம ஒரே மூச்சுல வாசிக்கணும்னு இல்லணா. மொதல்ல வலது கை மட்டும் வாசிங்க. படுத்துக்கோங்க. அப்பறமா இடது கைய வாசிங்க. ரெண்டையும் அது சேத்துக்கும்.”

வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

மறுநாள் தம்பி திரும்ப வந்தார். வாசலிலேயே நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகை அடிக்க வர்றவங்க பொம்பளப் புள்ளைங்களக் கூட்டினு வராங்க. அண்ணன் முன்னாடி ரூம்புல உக்காந்து இருமினா...”

“எங்க உக்காரணும்?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“பின்னாடி சந்து இருக்குதுணா. தகரம் போட்டிருக்குது. மழ வந்தாலும் நனையாது. ஜன்னல் வழியா கேபிள விட்டுக்கலாம்.”

“சந்துல இருந்தா என்னா. அதுக்குத்தான் காது இல்லியே.”

அளந்து பார்த்தேன். கீபோர்டிலிருந்து சுவரேறி, ஜன்னல் வழியாக உள்ளே போய், மேஜைக்குக் கீழே சுற்றிப் பெட்டிக்குப் போக இருபத்தைந்து அடி வேண்டும். அவ்வளவு நீளம் கடையில் கிடைக்காது. பிளக் கிடைத்தது. பழைய டேப் ரிக்கார்டரில் வருகிற ஐந்து ஊசிப் பிளக்தான். ரேடியோ கடையில் இரண்டு பிளக்கும் ஐந்து ஒயர் போகிற கேபிளும் வாங்கினேன். கம்பெனி ஒயரை நான் தொடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து செய்தேன். அவர் பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முனையில் இடமிருந்து வலம் ஐந்து ஒயர். மறுமுனையில் வலமிருந்து இடம் ஐந்து ஒயர். ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி. மூடியைத் திருகினேன். பேட்டரி பல்பு வைத்துப் பார்த்தேன். அதையும் அதே வழக்கத்தில்தான் தொட்டேன், இந்த முனையில் இடது ஓரம், அந்த முனையில் வலது ஓரம். ஐந்தும் எரிந்தது.

“பாஸா?” என்றார்.

“பாஸ்.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அங்கே போனோம். சந்தில் ஒரு ஸ்டூல், கீபோர்டுக்கு ஒரு பெஞ்சு. அவர் சட்டை மாற்றித் தலை வாரி வந்திருந்தார். நான் உள்ளே தம்பி பக்கத்தில் நின்றேன். திரையில் கோடு போட்ட நோட்டு மாதிரி காலி இடம். மேலிருந்து கீழாக ஒரு நீளக் கோடு, அது இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் அமுக்குகிற ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஒரு சின்ன வரி விழும் என்று தம்பி சொன்னார்.

“ரெடிணா” என்று ஜன்னலில் கத்தினார்.

சந்தில் பாட்டு கேட்டது. திரையில் ஒன்றும் விழவில்லை.

நிறுத்தினார். எதையோ மாற்றினார். “திரும்பணா.” திரும்பவும் இல்லை. மெஷினை அணைத்துப் போட்டார். புத்தகத்தைப் புரட்டினார். பெட்டியைக் கழற்றி மாட்டினார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முதல் பாட்டை ஏழு தடவை வாசித்தார். ஏழு தடவையும் அந்தக் கோடு காலி இடத்தில் போய்க்கொண்டே இருந்தது.

தம்பி என்னைப் பார்த்தார். “அக்கா, கேபிள் சரியா இருக்குமா?”

“பதினோரு வருசமா என் கேபிள் ஒண்ணு திரும்பி வந்தது இல்ல.”

பையில் பல்பு இருந்தது. அவர் எதிரிலேயே தொட்டுக் காட்டினேன். ஐந்தும் எரிந்தது.

“அப்ப கீபோர்டுலதான். பின்னால இருக்கிற ஓட்ட செத்திருக்கும்.”

வீட்டுக்காரர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கம்பியைப் பிடித்திருந்தார். “ஏம்மா, ஒருவேள கேபிள...” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நான் பார்த்த அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கீபோர்டு ரிப்பேர் ஓசூரில் கிடையாது. பெங்களூரில்தான். கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஒரு புதன்கிழமை லீவு சொல்லி, பெட்ஷீட்டில் சுற்றிய கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மெக்கானிக் இல்லை, வைத்துவிட்டுப் போ என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் எல்லையில் ஏதோ தகராறு. தமிழ்நாட்டுப் பஸ் அத்திப்பள்ளி தாண்டவில்லை. அதற்கு அடுத்த வாரம் கம்பெனியில் டிஸ்பாட்ச். சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டு, “இந்த வாரம் மட்டும் லீவு கேக்காதம்மா” என்றார். நான்காவது வாரம் போனேன். மெக்கானிக் ஊரில் கல்யாணம் என்று போயிருந்தார்.

அந்த வாரங்களில் வீட்டில் கீபோர்டு இல்லை.

அவர் அலமாரியிலிருந்து ஒரு தட்டைக் கழற்றச் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவார். பலகையில் விரல் படுகிற சத்தம் மட்டும் கேட்கும். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அப்படித்தான் இருப்பார்.

“எத்தினியாவது பாட்டு?” என்று கேட்பேன்.

“நாலாவது. எப்டி இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது.”

“பொய் சொல்லாத. கீபோர்டுல வாசிச்சாலே உனுக்கு ஒண்ணும் தெரியாது.”

முதல் இரண்டு வாரம் ஒன்பதும் ஓடியது. மூன்றாவது வாரம் எட்டாவது பாட்டில் ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப ஆரம்பத்துக்குப் போனார். அதே இடத்தில் நின்றது.

“அங்க என்னா வரும்?” என்று என்னைக் கேட்டார்.

நான்காவது வாரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். மடியில் வைத்தால் கனமாக இருக்கிறது என்றார். அது கால் கிலோ இருக்கும். அதற்குள் படுத்தால் மூச்சு வரவில்லை. உட்கார்ந்தே தூங்கினார்.

ஐந்தாவது வாரம் போனபோது மெக்கானிக் இருந்தார். வயசானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

“இதக்கே ஏனூ ஆகில்லம்மா. சென்னாகிதெ” என்றார். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறது என்று.

நம்பவில்லை. அவர் ஒரு சின்னக் கேபிளை எடுத்தார். முழ நீளம் இருக்கும். ஒரு முனையைக் கீபோர்டில் செருகினார், மறுமுனையைத் தன்னுடைய பெட்டியில் செருகினார். கட்டையை அமுக்கினார். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. திரும்ப அமுக்கினார். திரும்ப மின்னியது.

“கேபிள் நோடிதீரா?”

பார்த்தேன், கேபிள் சரியாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னேன். கொண்டுவந்திருக்கிறாயா என்றார். கொண்டுபோகவில்லை. அதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் தன் கேபிளை உருவி மேஜையில் போட்டார். இரண்டு முனையும் என்னைப் பார்த்தபடி கிடந்தது. நான் பார்த்தேன். ஆனால் அப்போது ஒன்றும் புரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது அத்திப்பள்ளி கிட்டே புரிந்தது. அந்தக் கேபிளில் இரண்டு முனையும் ஊசி. நான் செய்ததிலும் இரண்டு முனையும் ஊசி. ஓட்டை கிடையாது. இரண்டும் ஊசி என்றால் இரண்டு கையும் ஒரே மாதிரி போட வேண்டும். நான் ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி போட்டிருந்தேன். தகவல் போகிற இரண்டு ஒயரும் இடம் மாறிக் கிடந்தது. பல்பு எரியும். பல்புக்கு எது எங்கே போனாலும் ஒன்றுதான்.

பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் இருந்த அம்மா, “மடியில என்னா, பொணம் மாதிரி சுத்தி வச்சிருக்க?” என்று கேட்டாள். கீபோர்டு என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் டிடிபி சென்டருக்குப் போனேன். கேபிள் மேஜைக்குக் கீழே சுருட்டிக் கிடந்தது. மூடியைத் திருகினேன். நான் நினைத்தபடியே இருந்தது. ஈயம் எல்லாம் பளபளவென்று அழகாக வைத்திருந்தேன். ரேடியோ கடையில் அயன் கேட்டு வாங்கி, சூடு பண்ணி ஒரு முனையை மட்டும் கழற்றி மாற்றி வைத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கீபோர்டை மாட்டினோம். தம்பி திரையைப் போட்டார். நான் ஒரு விரலால் ஒரு கட்டையை அமுக்கினேன். திரையில் ஒரு சின்ன வரி விழுந்தது.

நான் அயனை அணைத்து வைத்தேன்.

“அக்கா, பெங்களூர்ல ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்கன்னு சொல்லிடலாம். நானே சொல்றேன்” என்றார்.

“வேணா.”

வீட்டுக்கு வந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு. கேபிள் தப்பு. நான்தான்.”

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

“இன்ஸ்பெக்ஷன் அம்மாவுக்கு ரிஜெக்ஷனா?” என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. முதுகைத் தேய்த்தேன். நின்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு, “ரிவொர்க் ஆச்சா?” என்றார்.

“ஆச்சு.”

“அப்ப ஞாயித்துக்கெழம போலாம்.”

வேறு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. பேசியிருக்கலாம்.

ஆட்டோவில் கூட்டிப்போனோம். சந்தில் ஸ்டூலை எடுத்துவிட்டு முதுகு வைத்த நாற்காலி போட்டிருந்தார் தம்பி. டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார், அடியில் நூல் கட்டி. வீட்டுக்காரர் அந்த நூலைப் பார்த்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தார்.

நான் உள்ளே திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவர் வலது கையை வாசித்தார். வரி வரியாக விழுந்தது, மேலே ஏறி, கீழே இறங்கி. கம்பெனியில் ஒயர் அளக்கிற பலகையில் ஆணிக்கு ஆணி ஒயர் ஓடுகிற மாதிரி இருந்தது. காதில் தெரியாத பாட்டு எனக்குக் கண்ணில் தெரிந்தது. முதல் பாட்டு படிக்கட்டு மாதிரி. இரண்டாவது முழுக்க நீள வரிகள். அதை அவரிடம் சொன்னேன். “பரவால்ல, முப்பது வருசத்துல ஒரு பாட்டு உனுக்குப் புரிஞ்சிடுச்சு” என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகவில்லை. அப்படித்தான் பேசுவார்.

நடுவில் இருமல் வந்தால் ஜன்னல் வழியாகக் கேட்கும். திரையில் ஒன்றும் விழாது. கோடு மட்டும் காலி இடத்தில் நகரும். அடங்கினதும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். வரி திரும்ப விழும். தம்பி நிறுத்தமாட்டார். “ஓடட்டும், அப்பறமா பாத்துக்கலாம்” என்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைப் பாட்டு. இரண்டாவது வாரம் மூன்று முடிந்தது. மூன்றாவது பாட்டில்தான் துண்டில் ரத்தம் பார்த்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அதை வாசித்து முடித்தார். மூன்றாவது வாரம் நாலாவது பாட்டு மட்டும். இடது கை அமுங்கவில்லை. கட்டைக்கு வலு போதவில்லை. மணிக்கட்டை ஊன்றி அமுக்கினார்.

நான்காவது வாரம் ஐந்தாவது பாட்டு. காணிக்கைப் பாட்டு என்றார். ஒன்பதில் அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். அவர் தன்னுடையதை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தம்பி “ரெடிணா” என்றார். வரி விழுந்தது. குட்டி குட்டி வரியாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. பிறகு நின்றது. கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இருமுகிறார் என்று காத்திருந்தோம். தம்பி கடைக்கு வந்த ஒருவருக்குப் பில் புக் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எழுந்து வாசல் வழியாகச் சுற்றிச் சந்துக்கு ஓடினேன். நாற்காலியில் ஒரு பக்கம் சரிந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. “தம்பி, ஆட்டோ கூப்டு” என்று கத்தினேன்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். மூக்கில் குழாய். போர்வை மேல் விரல் சில நேரம் ஆடும். எத்தனையாவது பாட்டு என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டாவது நாள் விடிந்ததும் முடிந்துவிட்டது. கோயிலில் அடக்கத்துக்குப் பழைய பாட்டுதான் பாடினார்கள். அன்றைக்குப் பெஞ்சு எல்லாம் நிறைந்திருந்தது.

நாற்பது நாள் கழித்துத் தம்பி சொல்லி அனுப்பினார். போனேன். நாற்காலி இன்னும் சந்திலேயே இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டார்.

“திருவிழா வருதுக்கா. சாமியார் கேட்டாரு. நாலு பாட்ட கேசட்டுல ஏத்திக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க.”

முதல் பாட்டைப் போட்டார். படிக்கட்டு வந்தது. கம்ப்யூட்டர் வேறு ஏதோ சத்தத்தில் வாசித்தது, மணி மாதிரி. இருமல் இல்லை. மூச்சு சத்தம் இல்லை. தம்பி அன்றைக்குச் சொன்னபடிதான் இருந்தது. ஆனால் நடுவில் நடுவில் வரி நின்று காலியாகக் கிடந்தது. அந்த இடம் வந்ததும் மணி சத்தம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து வரும்.

“இதெல்லாம் அண்ணன் இருமின எடம். இழுத்துச் சேத்துட்டா ஒரே பாட்டா வந்துடும். சேத்துடட்டுமா?”

“அவருக்கு இருமல் வேணா. சேத்துடு.”

சேர்த்தார். மவுஸைப் பிடித்து இழுத்தால் காலி இடம் மூடிக்கொண்டது. இந்தப் பக்கத்து வரியும் அந்தப் பக்கத்து வரியும் ஒட்டிக்கொண்டது. முதல் பாட்டில் நான்கு இடம். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஒன்று ரொம்ப நீளம். துண்டை மடித்துச் செருகின இடம் அது. தம்பி என்னைப் பார்த்தார். “அதையும்” என்றேன். மூடிக்கொண்டது. நாலாவதில் எத்தனை என்று நான் எண்ணவில்லை.

கடைசியில் ஐந்தாவதைத் திறந்தார்.

குட்டி குட்டி வரிகள் ஓரத்தில் கொஞ்சம் இருந்தன. அதற்குப் பிறகு காலி. தம்பி நகர்த்தினார். காலி. இன்னும் நகர்த்தினார். அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை. நான் எழுந்து ஓடினது, கத்தினது, தம்பி ஆட்டோ பிடிக்கப் போனது, தூக்கி ஏற்றினது, ஆட்டோ போனது, தம்பி திரும்பி வந்து நிறுத்தினது வரைக்கும் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை.

“இத எதோட சேக்கறதுக்கா? அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லியே.”

பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதில் நான்கு. ஐந்து வாரம் முன்னால் ஆரம்பித்திருந்தால் ஒன்பதும் வந்திருக்கும். ஒன்பதையும் ஓட்டுகிற விரல் அப்போது இருந்தது. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

“அது அப்டியே கெடக்கட்டும்” என்றேன்.

நாலு பாட்டைத் தனியாக எடுத்து வைத்தார். மெஷினை அணைத்தார். மேஜைக்குக் கீழே குனிந்து பெட்டியிலிருந்து கேபிளை உருவினார். ஜன்னலிலிருந்து இழுத்து முழங்கையில் சுற்றினார். அது சுற்றி முடிய நேரம் எடுத்தது.

“இத எடுத்துக்கறீங்களாக்கா? நீங்க செஞ்சது.”

“நீயே வச்சிக்கோ. யாராவது கீபோர்டு எடுத்துனு வந்தா ஆவும்.”

அவர் ஆணியில் மாட்டப் போனார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

“இப்ப அதுல தப்பு இல்ல” என்றேன்.